சமரச மையத்துக்குப் போகச் சொல்லிவிட்டார் ஜட்ஜ், என்ன செய்வது? கேள்வி பதில்

சிவில் கேஸ் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். பெயர்களை நீக்கிவிட்டேன்.

சார், சப் கோர்ட்டில் எங்கள் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. எனக்குச் சமரசத்தில் விருப்பமே இல்லை, ஆனாலும் மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். என் சம்மதம் வேண்டாமா?

வேண்டாம். வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் தரும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. (அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வக்கீல்கள் சங்கம்தான், பிரிவு செல்லும் என்று தீர்ப்பானது.) மீடியேஷனுக்கோ (மையத்தில் நடக்கும் சமரசப் பேச்சு) லோக் அதாலத்துக்கோ (மக்கள் நீதிமன்றம்) அனுப்ப உங்கள் ஒப்புதல் தேவையில்லை. ஆர்பிட்ரேஷனுக்கு (நடுவர் ஒருவரே கேட்டு முடிவு சொல்லும் முறை) அனுப்புவதென்றால் எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே போன கேஸ் கோர்ட்டுக்குத் திரும்பாது. கொச்சியில் பாலம் கட்டும் வேலையில் இரண்டு கம்பெனிகளுக்குள் வந்த ஆஃப்கான்ஸ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நீங்கள் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கட்டாயம். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அண்ணே, அங்கே பேசுவதை நாளைக்கு எனக்கு எதிராகத் திருப்பிவிட மாட்டார்களா?

முடியாது. பேச்சை நடத்தும் மீடியேட்டர் முதலில் இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைப்பார், அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். தனியாக இருக்கும்போது 'எட்டு லட்சம் வரை இறங்குவேன், ஆனால் இதை அவரிடம் சொல்ல வேண்டாம்' என்று சொன்னால் மீடியேட்டர் சொல்லக் கூடாது. பேச்சு முறிந்தால் கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் 'சமரசம் ஏற்படவில்லை' என்பது மட்டும்தான் இருக்கும். யார் பிடிவாதம் பிடித்தார், யார் எவ்வளவு கேட்டார் என்று எதுவும் இருக்காது. ஜட்ஜ் அதைக் கேட்கவும் மாட்டார். ஆகவே வக்கீல் எழுதிக் கொடுத்த பல்லவியையே அங்கேயும் பாடாமல், உண்மையில் என்ன வேண்டும் என்பதைப் பேசுங்கள்.

கட்டிய கோர்ட் ஃபீஸ் போனதுதானா?

போகாது. தமிழ்நாட்டில் பத்து லட்ச ரூபாய்க்குப் பண வழக்குப் போட்டால் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். மையத்தில் முடிந்தால் முழுத் தொகையும் திரும்ப வரும். மையத்துக்கே போகாமல் நீங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும், மனுப் போடச் சொல்லி வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சமரசத்தில் கையெழுத்துப் போட்டவர் இப்போது பணம் தர மாட்டேன் என்கிறார். மறுபடி கேஸ் போடணுமா சார்?

புதுக் கேஸ் வேண்டாம். சமரசத்தை கோர்ட் பதிவு செய்து டிகிரி (தீர்ப்பாணை) கொடுத்துவிட்டால், அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் ஈ.பி. மனுவை நேராகப் போடலாம். ஆனால் அந்தச் சமரசப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? நான் பார்க்கிற பாதித் தகராறு இங்கேதான் பிறக்கிறது. சாயந்திரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், 'எதிர்வாதி கூடிய விரைவில் தொகையைத் தருவார்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். எது கூடிய விரைவு? எந்தத் தேதிக்குள், எத்தனை தவணை, எந்த வங்கிக் கணக்கில், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதையும் வட்டியோடு கேட்கலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நிலம் என்றால் சர்வே நம்பர், நான்கு எல்லை, வரைபடம், பாதை யாருக்கு, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் முறை எப்படி என்பது வரை. வழக்கில் இல்லாத சொத்தையும் சமரசத்துக்குள் கொண்டுவந்தால் அதற்குப் பத்திரப் பதிவு தேவைப்படும், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் கையெழுத்தே போடாதீர்கள்.

எங்கள் சொத்துக்கு ஒருவர் போலிப் பத்திரம் தயாரித்திருக்கிறார். இதையும் பேசித் தீர்க்கச் சொல்வார்களா?

மோசடி, போலிக் கையெழுத்து என்று கடுமையான, குறிப்பான குற்றச்சாட்டு இருந்தால் அது விசாரணைக்குரிய கேஸ். ஆஃப்கான்ஸ் தீர்ப்பே அப்படிப்பட்டவற்றை ஒதுக்கி வைக்கிறது. ஜட்ஜ் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

லோக் அதாலத்தில் முடித்தால் அப்பீல் உண்டா?

கிடையாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதுவும் லேசில் கிடைக்காது. அங்கே ஒரே நாளில் வரிசையாக நிறைய கேஸ் எடுப்பார்கள் என்பதால், பேங்க் கடன், விபத்து இழப்பீடு மாதிரி தொகையை மட்டும் பேச வேண்டிய விஷயங்களுக்கு அது சரி. அண்ணன் தம்பி மனஸ்தாபத்துக்கு நான் மீடியேஷனைத்தான் சொல்வேன்.

சார், நான் துணி மொத்த வியாபாரி. பாக்கி 12 லட்சம். நேரே கேஸ் போடலாமா?

போட முடியாது. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், உடனடித் தடை உத்தரவு போன்ற அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், முதலில் மீடியேஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மீறிப் போட்டால் பிராதே (வழக்கு மனுவே) தள்ளுபடி ஆகும். கேஸ் போடுவதற்கான காலக்கெடு பற்றிக் கவலை வேண்டாம், மீடியேஷன் நடக்கும் காலத்தை அதில் சேர்க்காமல் கழித்துவிடுவார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள், பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் அவர் பாக்கியை ஒத்துக்கொண்ட செய்தி எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.