கடலுக்குள் 200 மீட்டர் அலை, மேலே கப்பல் ஏன் ஆடுவதில்லை?

தென்சீனக் கடலுக்குள் 200 மீட்டர் உயர அலைகள் ஓடுகின்றன என்றால் மேலே போகிற கப்பலுக்கு ஏன் தெரிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. செயற்கைக்கோள் படத்தில் வில்லாக வளைந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, படத்தில்தான் ஏதோ கீறல் என்று நினைத்தேன்.

கடலின் மேலடுக்கு சூடானது, லேசானது. கீழே இருப்பது குளிர்ந்த, கனத்த நீர். இவை சந்திக்கும் எல்லைதான் ஏறி இறங்குகிறது, மேற்பரப்பு அல்ல. மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் ஆயிரத்தில் சில பங்குதான். அதனால் கனத்த நீரைக் கொஞ்சம் தள்ளினாலே வெகு உயரம் ஏறிவிடும், திரும்ப இறங்க அவசரமும் காட்டாது. ஆழ்கடலில் சுனாமி ஜெட் விமான வேகத்தில் பாயும். இந்த உள்ளலையோ நொடிக்குச் சுமார் 3 மீட்டர்தான், சைக்கிள் மிதிக்கிற வேகம்!

இவற்றின் பிறப்பிடம் தைவானுக்கும் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கும் நடுவே உள்ள நீரிணை. அங்கே கடலடியில் இரண்டு மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றவற்றம், நீரை முன்னும் பின்னுமாகத் தள்ளும்போது, கனத்த நீர் முகடுகளில் ஏறி மறுபக்கம் சரிகிறது. அந்தக் குலுக்கல் மேற்கே கிளம்புகிறது. ஆரம்பத்தில் அது நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சாதுவான ஏற்ற இறக்கம். போகப் போக முகப்பு செங்குத்தாகி, சில கூர்மையான அலைகளாகப் பிரிகிறது. பெரியது வேகமாக ஓடும் என்பதால் அதுவே முன்னால் வரும். ஆழ்கடலில் இவை பள்ளங்கள், அதாவது சூடான நீர் கீழே அமுங்கிப் போகிறது. கண்டத்திட்டின் ஆழம் குறைந்த பகுதிக்கு வந்ததும் பள்ளம் மேடாகத் தலைகீழாகிவிடும். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, கப்பல்? கடல் மட்டம் மாறுவது சில பத்து சென்டிமீட்டர், அதுவும் கிலோமீட்டர் கணக்கில் பரவி. ஆனால் நீரோட்டம் குவியும் இடத்தில் சிற்றலைகள் கொந்தளித்து நீண்ட பட்டையாகத் தெரியும். செயற்கைக்கோள் ரேடார் பிடிப்பது அதைத்தான். கடலடியைத் துளையிடும் கப்பல்களுக்கோ இந்த அலையோடு வரும் வேகமான நீரோட்டம் பெரிய தொல்லை. அந்தமான் கடலில் அப்படியொரு கப்பலில் இருந்து எடுத்த அளவீடுகளை ஆஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் 1980-ல் வெளியிட்டார்கள்.

லூசோன் பக்கம் கிளம்பிய அலை ஏறக்குறைய இரண்டு நாளில் தென்சீனக் கடலின் வடபகுதியில் உள்ள டோங்ஷா பவளத்திட்டை எட்டுகிறது. அங்கே ஏறிவரும் குளிர்ந்த நீர், சூட்டில் வெளிறிப்போகக்கூடிய பவளங்களை அவ்வப்போது நனைத்துவிட்டுப் போகிறது.