மேல்மாடிக்கு வந்த அறிவித்தல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மட்டக்களப்பு எழுவான்கரையில் பத்துப் பேர்ச் வளவில் எங்கள் வீடு இருக்கிறது. மூத்த மகளின் கலியாணத்தின்போது எனக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, வீட்டையும் வளவையும் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தோம். இளையவளுக்கும் ஒரு வீடு வேண்டுமே என்று அதே வீட்டுக்கு மேல்மாடி எடுக்கத் தொடங்கினோம். சிலாப் போட்டுச் சுவரும் எழும்பிவிட்டது. பின்பக்கம் படிக்கட்டும் சிறிய குசினியும் சேர்த்திருக்கிறோம். பிளான் பாஸ் பண்ணவில்லை. அயலவர் ஒருவர் முறையிட்டதையடுத்து, வேலையை நிறுத்திக் கட்டியதை 14 நாட்களுக்குள் அகற்றும்படி அறிவித்தல் வந்திருக்கிறது. கூரையைப் போட்டுவிட்டால் எவரும் கை வைக்க மாட்டார்கள் என்கிறார் மேசன். சபைக்குக் கட்டும் வீட்டுவரியான சோலைவரியை ஒரு வருடமும் தவறாமல் கட்டி வருகிறோம். நாங்கள் என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு

பதில்: மேசனாரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கூரை ஏறிய வீட்டை இடிக்க மாட்டார்கள் என்பது எங்கள் பகுதியில் வேரூன்றிப்போன நம்பிக்கையே தவிர, சட்டத்தில் அப்படியொரு சலுகை கிடையாது. அறிவித்தல் கிடைத்த பின்னர் எழும் ஒவ்வொரு வரிக் கல்லும், அனுமதி தேவை என்று தெரிந்தே கட்டினீர்கள் என்பதற்குச் சான்றாகிவிடும். ஆகவே இன்றே வேலையை நிறுத்தி, நிறுத்திய நிலையில் வீட்டை நான்கு பக்கமும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தொழினுட்ப உத்தியோகத்தர் மறுபடி வரும்போது சாரம் நிற்பதைக் கண்டால், வேலை தொடர்வதாகவே குறித்துக்கொள்வார். அதையும் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்ததாக, அறிவித்தல் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது என்பதை வாசித்துப் பாருங்கள். நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடமாயின், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமே பொருந்தும். அதிகாரசபையின் தத்துவங்கள், அதாவது அதிகாரங்கள், உள்ளூராட்சி சபை அலுவலர்களுக்குக் கையளிக்கப்பட்டிருப்பதால் அறிவித்தல் சபையின் கடிதத்தலைப்பில் வரக்கூடும். பிரகடனப்படுத்தப்படாத இடமாயின், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் பெயர் இருக்கும். இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான்: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாமல் கட்டவும் கூடாது, இருக்கும் கட்டடத்தை மாற்றிப் பெருப்பிக்கவும் கூடாது. ஆனால் அறிவித்தலை மீறினால் நடப்பது இரண்டிலும் ஒன்றல்ல என்பதால், நீங்கள் எழுதப்போகும் பதிலிலும் அந்தப் பிரிவைச் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28அ பிரிவே பெரும்பாலும் இவ்வகை அறிவித்தல்களில் காணப்படுவது. வேலையை நிறுத்தும்படியும், கட்டியதை அகற்றும்படி அல்லது மாற்றும்படியும் எழுத்தில் பணிக்க அது இடமளிக்கிறது. அதற்குக் கொடுக்கும் அவகாசம் 7 நாட்களுக்குக் குறையக்கூடாது. அந்த அவகாசத்தை நீடிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால், அதிகாரம் பெற்ற அலுவலர் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்வார். நீதவான் உங்களை அழைத்துக் கேட்ட பின்னர், இடிப்பதற்கான கட்டளையைப் பிறப்பிக்கலாம். அங்கே ஆராயப்படுவது அனுமதி இருந்ததா, அதன்படி கட்டப்பட்டதா என்பதே. மகளின் கலியாணம், வங்கிக் கடன், செலவழித்த இலட்சங்கள் எதுவும் அந்தக் கேள்விக்கு விடையாகாது. குறையைத் திருத்துவதாக உறுதியளிப்பவருக்கு நீதவான் கட்டளையை ஒத்திவைக்கலாம் என்றாலும், அது அதிகபட்சம் இரண்டு மாதங்களுக்குத்தான். உங்கள் கதையைச் சொல்லவும், தவணை கேட்கவும், வரைபடத்தைத் திருத்தவும் இடமிருப்பது சபையின் திட்டமிடல் குழுவின் முன்னால் மட்டுமே. கொடுக்கப்பட்ட 14 நாட்களின் பெறுமதி அதுதான்.

எனவே அந்தத் தவணைக்குள் ஒரு கடிதம் எழுதுங்கள். அறிவித்தலின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, வேலை நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும், கட்டிய பகுதிக்கு அனுமதி பெறுவதற்காக வரைபடம் தயாராகிறது என்பதையும், அதற்காக இத்தனை வாரத் தவணை வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். அயலவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். நேரில் கொடுப்பதாயின் உங்கள் பிரதியில் திகதி முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். “ஆளைக் கண்டு கதைத்தேன், பார்த்துச் செய்வதாகச் சொன்னார்” என்பதெல்லாம் கோவையில் ஏறாது.

கடிதம் எழுதிவிட்டால் அனுமதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கட்டிய பின்னர் கேட்கும் அனுமதி, ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கட்டடத்துக்கே கிடைக்கும். வழமையான கட்டணத்துக்கு மேலாக ஒரு தொகையும் அறவிடப்படும். அதனால் பட வரைஞரிடம் போவதற்கு முன்னரே வளவை அளந்து பாருங்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பின்மதிலில் பிடித்து மறுமுனையைப் புதிய குசினிச் சுவருக்குக் கொண்டுபோகத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் எல்லை என்பது மதில் அல்ல, நில அளவைப் படத்தில் உள்ள கோடு. பழைய மதில் எல்லைக்கல்லுக்கு ஓரடி வெளியே நிற்கும் வளவுகள் உண்டு. அந்த ஓரடியையும் நம்பிக் கட்டினவர் அளவில் தோற்றுப்போவார். பின்பக்கம் விடவேண்டிய திறந்தவெளி கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்தது. நிலத்தோடு ஒரு மாடியாக இருந்தபோது போதுமாயிருந்த இடைவெளி மேல்மாடி வந்ததும் போதாமல் போகலாம் என்பதால், 2021 ஆம் ஆண்டின் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளின்படி எவ்வளவு விடவேண்டும் என்பதைத் தொழினுட்ப உத்தியோகத்தரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் ஊகத்தில் உங்களுடைய சிக்கல் மேல்மாடியில் இல்லை. பின்பக்கப் படிக்கட்டிலும் குசினியிலும்தான் இருக்கிறது. அவற்றை நீங்களே அகற்றிவிட்டு, படிக்கட்டை உள்ளே கொண்டுவந்து வரைபடம் கொடுத்தால் மேல்மாடி தப்பிக்கொள்ளும். முழு வீட்டுக்காகவும் வாதாடி எல்லாவற்றையும் இழப்பதைவிட இது மேல்.

எல்லையை ஒட்டிய சுவரில் ஜன்னல் வைத்திருந்தால் அதையும் அடைக்க வேண்டிவரும். எழுவான்கரை மணல் நிலமாகையால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை விடாமல் பார்ப்பார். 50 அடியாவது வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். உங்கள் கிணறு தள்ளியிருந்தாலும் அயலவரின் கிணறு மதிலுக்கு அப்பால் பக்கத்திலேயே இருக்கக்கூடும். மேல்மாடியில் இன்னொரு குடும்பம் குடியேறும்போது பழைய குழி போதுமா என்ற கேள்வியும் வரும். வீடு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்டதாயின், அதன் அத்திவாரம் ஒரு மாடிக்காகவே போடப்பட்டிருக்கலாம். சபை கேட்கிறதோ இல்லையோ, தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரிடம் தூணையும் அத்திவாரத்தையும் காட்டிச் சான்று பெறுங்கள். அதைக் காகிதத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் சிலாப்பின் கீழே உங்கள் மூத்த மகளின் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

சோலைவரி கட்டிய சிட்டை கட்டட அனுமதியாகாது. வீடு அந்த இடத்தில் இன்ன வருடம் முதல் இருந்து வருகிறது என்பதைக் காட்ட அது உதவும். கீழ்வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் தொலைந்திருந்தால் அந்த உதவி சிறியதல்ல. மின்சார, நீர் இணைப்புகளும் அப்படியே.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காணி மூத்த மகளின் பெயரில் இருக்கிறது. சீவிய உரித்து உங்களுக்கு வாழவும் அனுபவிக்கவும் உரிமை தருகிறது, உரிமையாளர் அவர்தான். ஆகவே விண்ணப்பத்தில் அவருடைய கையொப்பம் வேண்டும். அறிவித்தல் உங்கள் பெயருக்கு வந்திருந்தாலும் பதில் கடிதத்தில் அவரும் ஒப்பமிடுவது நல்லது. அவர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் தேவைப்படும் என்பதால் இன்றே தொடங்குங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், மேல்மாடியை மட்டும் தனியாக இளையவளுக்கு உறுதி எழுதிக் கொடுக்க நினைத்தால் வரும். மேல்மாடியைத் தனி உடைமையாகப் பிரிப்பதற்கு, மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வரைபடம் தயாரித்துக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அனுமதி இல்லாத கட்டடத்துக்கு அந்த வழி அடைபட்டே இருக்கும். அதைச் செய்யாவிட்டால் முழு வளவிலும் பிரிபடாத பங்கொன்றையே இளையவளுக்கு எழுத முடியும். அக்காவும் தங்கையும் இன்று ஒற்றுமையாக இருக்கலாம். மருமக்கள் காலத்தையும், பேரப்பிள்ளைகள் காலத்தையும் நினைத்து, நொத்தாரிசு ஒருவருடன் இப்போதே கலந்து பேசுங்கள். எங்கள் மாவட்டத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

அயலவரைப் பொறுத்தவரை, அவர் முறைப்பாட்டை மீளப் பெற்றாலும் அறிவித்தல் தானாக நீங்காது. ஆனால் அவருடைய மனத்தாங்கல் பெரும்பாலும் படிக்கட்டுத் தகரத்தின் மழைத்தண்ணீர் அவர் வளவில் விழுவதாகவோ, மேல்மாடி ஜன்னலால் அவருடைய கிணற்றடி தெரிவதாகவோதான் இருக்கும். இரண்டும் நீங்கள் திருத்தக்கூடியவை. எல்லைத் தகராறாக முற்றினால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

அனுமதி கிடைத்து வேலை முடிந்ததும், வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். குடிபுகுவதற்கு முன்னர் பெறவேண்டியது அது. பலர் வரைபடம் பாஸானதோடு கோவையை மூடிவிடுகிறார்கள்.

கேள்வி: திருக்கோவில் பக்கம் கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் வீடு. பிரதேச சபையில் அனுமதி எடுத்துத்தான் முன்மதிலும் ஓர் அறையும் கட்டினோம். இப்போது கரையோரத் திணைக்களத்திலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறது. 200 மீற்றர் சட்டம் எடுபட்டுப் போய்விட்டது என்கிறார்களே?
– வாசகி, அம்பாறை மாவட்டம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட 200 மீற்றர், ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் அறிவிக்கப்பட்ட கட்டடத் தடை வலயம், அது பின்னர் தளர்த்தப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்னரே வந்த 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 2011 ஆம் ஆண்டின் திருத்தத்தால் கடலோடு தொடர்புள்ள வாவிகளின் ஓரங்களிலும் 100 மீற்றர் சேர்ந்திருக்கிறது. அந்த வலயத்துக்குள் கட்டுவதற்கு அத்திணைக்களத்தின் தனி அனுமதி வேண்டும்; பிரதேச சபையின் அனுமதி அதற்கு ஈடாகாது.

உயர்நீர்க் கோட்டிலிருந்து உங்கள் வளவு எவ்வளவு தூரம் என்பதை, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 300 மீற்றருக்கு அப்பால் இருந்தால் அந்தப் படமே உங்கள் பதில். உள்ளே இருந்தால், சபை தந்த அனுமதியின் பிரதியையும் படத்தையும் இணைத்து, அறையையும் மதிலையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்; கடலுக்கு அண்மையாக உள்ள மதிலுக்கு மறுத்து, உள்ளே தள்ளிய அறைக்கு அனுமதிக்க இடமிருக்கலாம். உங்கள் வளவைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கையில் என்ன தூரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிய, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அத்திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். அதற்குப் பதில் வரும்வரை அறிவித்தலின் தவணை நின்றுவிடாது; தவணை நீடிப்பை வேறாகக் கேட்டு எழுதுங்கள்.