உள்வாடகைக்காரர் பைசா தரவில்லை என்றால் கடைக்குப் பூட்டுப் போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு கடையை மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். இடம் கூடுதலாக இருந்ததால் ஒரு பகுதியை செல்போன் சர்வீஸ் செய்யும் ஒருவருக்கு 8,000 ரூபாய்க்கு உள்வாடகைக்கு விட்டேன். கட்டிடக்காரருக்கு இது தெரியும், ஆனால் எழுதி வாங்கவில்லை. 9 மாதமாக அவர் வாடகை தரவில்லை. கேட்டால் "நீங்க என்ன ஓனரா?" என்கிறார். அவர் தராததால் நானும் 3 மாதமாகக் கட்டிடக்காரருக்கு 10,000தான் கொடுக்கிறேன். பூட்டுப் போட்டுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பூட்டு வாங்கின காசுகூட நஷ்டம்தான். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், இடம் யாருடையது, யார் யாருக்கு பாக்கி என்ற பேச்சுக்கே போகாமல் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிடலாம். போதாக்குறைக்கு, உள்ளே சரிசெய்யக் கொடுத்த பத்து போன் இருந்தது, இப்போது இரண்டைக் காணவில்லை என்று ஸ்டேஷனில் ஒரு மனு கொடுப்பார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பியூஸ் கட்டையைப் பிடுங்குவது, ஷட்டர் முன்னால் சரக்கை அடுக்குவது எல்லாம் இதே வகைதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது பூட்டு இல்லை, அந்த 10,000 ரூபாய்தான். கட்டிடக்காரர் 18,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது உங்களோடு. உள்வாடகைக்காரர் தந்தாலும் தராவிட்டாலும் அந்தத் தொகைக்கு நீங்கள்தான் பொறுப்பு. 2 மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணம். இப்போது பாக்கிக்காரர் நீங்கள்தான். அந்த 24,000 ரூபாயை முதலில் கட்டுங்கள், கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் வாடகைச் சட்டத்தின்கீழ் இருக்கும் வாடகை அதிகாரியிடம் செலுத்தவும் வழி இருக்கிறது.

அடுத்தது சம்மதம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) உள்வாடகைக்கு விடும் முன்பே உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது. "அவருக்குத் தெரியும், தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போவார்" என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. சம்மதம் இல்லாமல் விட்டதே உங்களைக் காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம், நீங்கள் வெளியே போனால் உள்வாடகைக்காரரும் போவார். அதனால் உள்வாடகைக்காரர் மேல் மனு போடும் முன் கட்டிடக்காரரிடம் உட்கார்ந்து பேசி ஒரு கடிதம் வாங்குங்கள். பிந்தி வாங்குவது முன்னதாக வாங்கினதற்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாமல் கோர்ட் வாசல் ஏறினால், நீங்களே உங்கள் குற்றத்தை மனுவாக எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"நீங்க என்ன ஓனரா?" என்ற கேள்விக்கு: உங்களிடம் வாடகைக்கு இருப்பவர் அப்படிக் கேட்க முடியாது. உங்கள் கையில் இடத்தை வாங்கிக்கொண்டு உங்கள் உரிமையையே மறுக்க சட்டம் விடாது. இந்தச் சட்டமும் வாடகை பெற உரிமை உள்ளவரைத்தான் உரிமையாளர் என்கிறது. ஆகவே 72,000 ரூபாயைக் கேட்டு, மாத வாரியாகக் கணக்குப் போட்டு, ஒரு மாத அவகாசம் கொடுத்து பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை கிடைக்கும்படி நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த மாதத்துக்குள் மொத்தமாகக் கட்டிவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்ய வைக்க முடியாது, ஆனால் அந்தச் சலுகையை வாங்கியபின் ஒரு வருடத்துக்குள் தொடர்ந்து 2 மாதம் பாக்கி வைத்தால் மறுபடி சலுகை கிடையாது. கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றம். பாக்கியை வசூலிக்கும் வழக்குக்கு 3 வருடம் காலக்கெடு, பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும், தள்ளிப்போடாதீர்கள்.

இனி நான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்காத விஷயம். உங்களிடம் இருப்பது 11 மாத ஒப்பந்தம்தானே? முத்திரைத்தாளில், போன வாடிக்கையாளர் பெயரை அழித்து உங்கள் பெயரை அடித்து, "மேற்படி கட்டிடம்" எது என்றே எழுதாமல், புரோக்கர் கமிஷனோடு சேர்த்துக் கொடுத்த அதே தாள். 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அது பழைய கதை. இப்போது எத்தனை மாதம் என்றாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும், இணையதளத்திலேயே செய்யலாம். பதியாத தாளைச் சாட்சியமாக ஏற்பதில் சட்டமே முட்டுக்கட்டை போடுகிறது. 1960-ஆம் வருடப் பழைய வாடகைச் சட்டம் போய் இத்தனை நாள் ஆகியும் பல இடங்களில் அந்தச் சட்டத்தின் பிரிவுகளையே இன்னும் டைப் அடித்துக் கொடுக்கிறார்கள். சொல்லித் தர வேண்டிய அலுவலகங்களும் சொல்வதில்லை, போய்க் கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள்.

அதே புரோக்கர்தான் இப்போது "இருபதாயிரம் கொடுங்க அண்ணே, ரெண்டு நாள்ல கடையைக் காலி பண்ணித் தாறேன்" என்றும் வருவார். அவர் எதிர்த்தரப்பிடமும் இருபதாயிரம் கேட்டிருப்பார். ஸ்டேஷனில் உட்கார்த்திப் பேசி முடிப்பதையும் நம்பாதீர்கள், வாடகைத் தகராறைத் தீர்க்க போலீசுக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது ஊருக்கு ஊர் வருகிறது. கடை கோயிலுக்குச் சொந்தமானதா என்று பாருங்கள். சுசீந்திரம், நாகர்கோவில் பக்கம் தேவஸ்வம் கடைகள் நிறைய. வரி ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள், கட்டிடக்காரர் என்று நீங்கள் நினைப்பவரே குத்தகைக்காரராக இருக்கலாம். அப்படியானால் நான் மேலே சொன்ன வழி உங்களுக்குச் சரிப்படாது. அறநிலையச் சட்டத்தில், துறையின் அனுமதி இல்லாமல் கோயில் இடத்தில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர், அவரை வெளியேற்ற 78-ஆம் பிரிவின்கீழ் இணை ஆணையர் முன்னால் நடவடிக்கை வரும். வந்தால் உங்களுக்கும் உள்வாடகைக்காரருக்கும் சேர்த்தே வரும், அவர் உங்களுக்குத் தர வேண்டிய 8,000 ரூபாயைப் பற்றி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துபவர் இன்னொருவர் என்ற கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

ஊராட்சிப் பகுதிக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது, சிவில் கோர்ட்தான். நீங்கள் குழித்துறை நகராட்சிக்குள் இருந்தால் பொருந்தும்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டாலும் நேரே வழக்குக்கு ஓட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுத்துப் பாருங்கள், கட்டணம் கிடையாது. இருவரும் கையெழுத்திட்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. போகும்போது அவர் முன்பு ஜிபே-யில் அனுப்பின வாடகையின் ஸ்கிரீன்ஷாட், நோட்டீஸ் நகல், தபால் ஒப்புகை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.