ஒரு தட்டு, மூன்று பில்

கேள்வி: பில்லிங் மென்பொருள் ஒன்றை ரியாக்டில் (வலைத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) எழுதுகிறேன். 'என்' (N) விசையைத் தட்டினால் புது பில் திறக்க வேண்டும். ஒரே நிரல் வரிகளை ஐந்து திரைகளிலும் காப்பி செய்திருக்கிறேன். சில நேரம் ஒரு தட்டுக்கு மூன்று பில் திறக்கிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வைத்திருப்பவருக்கோ திறப்பதே இல்லை. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்று பில் வருகிறதென்றால் விசைத் தட்டுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷன்கள், அதாவது லிசனர்கள், மூன்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். திரை வரும்போது 'கீடவுன்' (விசை அழுந்தும் நிகழ்வு) லிசனரைச் சேர்க்கிறீர்கள், போகும்போது கழற்றுவதில்லை. லிசனரைச் சேர்க்க ரியாக்ட் தரும் இடமான யூஸ்எஃபெக்ட் திருப்பித் தரும் ஃபங்ஷனில், அதைக் கழற்றும் ரிமூவ்ஈவென்ட்லிசனர் இருக்க வேண்டும். சேர்த்த அதே ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் கழலும். வேறொன்றைக் கொடுத்தால் பிரவுசர் எர்ரர்கூடக் காட்டாது.

ஐந்து காப்பியையும் தூக்கிப் போட்டுவிட்டு 'யூஸ்ஷார்ட்கட்' என்று ஒரே ஒரு கஸ்டம் ஹூக் (எல்லாத் திரைகளும் கூப்பிடக்கூடிய சொந்த ஃபங்ஷன்) எழுதுங்கள். எந்த விசை, என்ன வேலை, இந்த இரண்டை மட்டும் அது வாங்கிக்கொள்ளட்டும்.

தமிழ்99 விஷயத்தில் நானே சூடுபட்டவன். ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதியபோது, விசை தரும் எழுத்தைச் சொல்லும் ஈவென்ட்.கீ 'என்' எழுத்தா என்றுதான் முதலில் பார்த்தேன். தமிழ்99இல் அந்த விசை 'ல' தரும், எப்படிப் பொருந்தும்? ஈவென்ட்.கோடுக்கு மாறினேன். அது எழுத்தைப் பார்க்காது, விசை இருக்கும் இடத்தைச் சொல்லும். அருமையாக வேலை செய்தது, மறுநாள் காலை வரை. கேஷியர் அக்காவிடமிருந்து போன்: "சார், லட்சுமின்னு பேர் அடிச்சா புது பில்லு வருது சார்!"

பெயர்ப் பெட்டிக்குள் அடித்த 'ல'வையும் என் ஹூக் உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஹூக்கின் முதல் வேலை, விசை விழுந்த இடம் இன்புட்டா, டெக்ஸ்ட்ஏரியாவா, கன்டென்ட்எடிட்டபிளா, அதாவது எழுத்து அடிக்கும் இடமா என்று பார்த்து, ஆமென்றால் பேசாமல் திரும்பிவிடுவது. விசை அழுந்தியே இருப்பதைச் சொல்லும் ஈவென்ட்.ரிப்பீட் வந்தாலும் அப்படியே. விரலை எடுக்க மறந்தவருக்கு வரிசையாக பில் திறந்துகொண்டே போகும்.

கன்ட்ரோலோடு சேர்த்து வைக்கலாமே என்பீர்கள். குரோமில் கன்ட்ரோல்+என் புது ஜன்னலுக்கானது, உங்கள் பக்கத்துக்கு வந்து சேராது.

ஒற்றை எழுத்து ஷார்ட்கட் என்றால் அணைக்கவோ மாற்றவோ வழி வையுங்கள். வலைப்பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான நெறிமுறையாக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1இன் 2.1.4 விதி கேட்பதும் இதைத்தான். குரலால் கணினியை இயக்குபவர் பேசும் சொல்லே விசைத் தட்டாகிவிடும் ஆபத்து உண்டு. நானும் செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அக்கா அதை அணைத்தேதான் வைத்திருக்கிறார்.