கிலோ நண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாணிப வீதம் (இறக்குமதி விலையோடு ஒப்பிட்ட ஏற்றுமதி விலை) உயர்ந்தால் நாட்டுக்கு நல்லது, இறங்கினால் கெட்டது என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆனால் அது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதே தொழிற்சாலைப் பொருட்களின் ஏற்றுமதியைக் கெடுக்கும் என்று வகுப்பில் சொன்னது மட்டும் மண்டையில் ஏறவில்லை. நம் ஊர் உதாரணத்தோடு சொல்வீர்களா?
– கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: தம்பி, ஒருநாள் விடியற்காலையில் பாம்பன் தெற்குவாடிக்குப் போய் நின்று பாருங்கள். நாட்டுப்படகில் வந்த நீலக்கால் நண்டை வலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். காலை ஒடித்துவிட்டால் விலை போய்விடும் என்பதால் அவசரப்பட மாட்டார்கள். பக்கத்தில் ஏஜென்ட் தராசும் ஐஸ் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பார். நண்டு எடை போட்ட கையோடு, மறுநாள் தொழிலுக்கு டீசல் கேன் நிரப்ப ஆள் போய்விடும். இப்போது ஒரே ஒரு கணக்கு. ஒரு கிலோ நண்டு விற்ற காசில் எத்தனை லிட்டர் டீசல் வாங்கலாம்? கணக்குக்காக நண்டு 500 ரூபாய், டீசல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 லிட்டர். நண்டு 300க்கு விழுந்தால் 3 லிட்டர். கடலில் பட்ட பாடு அதேதான், கைக்கு வருவது மட்டும் குறைந்துவிட்டது. நாட்டுக்கும் இதே கணக்குதான்: ஏற்றுமதி விலைக் குறியீட்டை இறக்குமதி விலைக் குறியீட்டால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வாணிப வீதம்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். ஒருவருக்கு எப்போதும் 4 லிட்டர் கிடைக்கிறது, இன்னொருவருக்கு ஒரு மாதம் 6, மறுமாதம் 2. சராசரி இருவருக்கும் ஒன்றுதான். மீன்பிடிக்கிற வீடு இந்த ஆட்டத்தை ஓரளவு தாங்கிவிடும், நல்ல மாதத்தில் நகையை மீட்பார்கள், கெட்ட மாதத்தில் திரும்ப அடகு வைப்பார்கள். ஆனால் நண்டு ஆலைக்காகப் பாய்லரும் குளிர்பதன அறையும் வாங்கிப் போட்டவரால் முடியாது. பாய்லரை அடகுக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வங்கித் தவணை மாதம் தவறாமல் வரும், வேலைக்கு வருகிறவர்களை இரண்டு மாதம் வீட்டில் இருங்கள் என்று சொன்னால் மூன்றாவது மாதம் திருப்பூரில் இருப்பார்கள். போட்ட முதலைத் திரும்ப எடுக்க முடியாத தொழிலில், விலை எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றுதான் எவரும் நினைப்பார். எல்லா முதலாளிகளும் பொறுத்துப் பார்க்கிற நாட்டில் தொழிற்சாலை ஏற்றுமதி எப்படி வளரும்?

நாட்டளவில் பார்க்க ஜாம்பியா போதும். ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செம்பிலிருந்து வந்த நாடு. 1974இல் செம்பு விலை உச்சத்துக்குப் போய், அடுத்த ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. அதே சமயம் 1973இல் பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 12 டாலர் அளவுக்குப் போயிருந்தது. இரண்டு பக்கமும் அடி. அங்கே செம்புக் காசில் கட்டிய ஆலைகளுக்கு உதிரி பாகமும் மூலப்பொருளும் வெளியிலிருந்துதான் வர வேண்டும், டாலர் இல்லை என்றதும் அவை தங்கள் திறனுக்கு வெகு கீழே ஓட ஆரம்பித்தன.

விலை ஏறும்போதாவது நிம்மதி உண்டா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலப்பொருள் டாலர் குவிந்தால் நாணய மதிப்பு ஏறும், கூலியும் வாடகையும் ஏறும், சட்டையோ மோட்டாரோ செய்து விற்கிறவருக்கு வெளிச்சந்தையில் விலை கட்டாது. நெதர்லாந்தில் 1959இல் எரிவாயு கண்டுபிடித்த பிறகு இப்படி நடந்ததால் 'டச்சு நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் விலை இறங்கும்போது, மூடிய ஆலை தானாகத் திறக்காது. ஏற்றத்தில் இழந்ததை இறக்கம் திருப்பித் தருவதில்லை, இதைத்தான் நீங்கள் விடைத்தாளில் எழுத வேண்டும். மூலப்பொருள் விலை விழுந்து நாணயமும் இறங்கினால், வெளிநாட்டுச் சரக்கை அதிகம் நம்பாத ஆலைக்குக் கொஞ்சம் லாபம் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: அக்கரையில் தேயிலையையும் ரப்பரையும் நம்பி இருந்த இலங்கை ஆயத்த ஆடைக்கு மாறியது. அப்படி மாறியும் 2022இல் ஏன் அந்தப் பொருளாதார நெருக்கடி?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. 2022 மார்ச்சில் தனுஷ்கோடிப் பக்கம் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களை நாம் மறக்க முடியாது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை எகிறியது, இலங்கையில் காசு புரண்டது. இரண்டு வருடத்தில் ரப்பர் இறங்க, வாங்கித் தின்ன வேண்டிய அரிசியோ விலை ஏறிவிட்டது. 1952இல் சீனாவோடு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட்டார்கள். அப்படியும் சமாளிக்க முடியாமல் 1953இல் ரேஷன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து (இலங்கை ரூபாயின் காசு) 70 சதமாக ஏற்ற, ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது, அந்த ஆண்டே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வாணிப வீதம் சரிந்தால் அது பானைக்கு எப்படி வந்து சேரும் என்பதற்கு நமக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 1978இல் ஏற்றுமதி ஆலைகளுக்கான கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. மேலை நாடுகள் துணி இறக்குமதிக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்திருந்த காலம் அது. ஒதுக்கீடு மிச்சம் இருந்த இலங்கைக்கு ஆடை முதலாளிகள் வந்தார்கள். சட்டை விலை ரப்பர் விலைபோலத் துள்ளுவதில்லை, அந்த வகையில் நல்ல மாற்றம்தான். ஆனால் துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போக வேண்டும், அதனால் விற்கிற டாலரில் ஒரு பங்கு வந்த வழியே வெளியே போய்விடும். எரிபொருளும் முழுக்க வெளியிலிருந்துதான். வெளிநாட்டுக் கடன், 2019 வரிக்குறைப்பு, கொரோனாவில் நின்ற சுற்றுலா, 2021 ரசாயன உரத் தடை என்று எல்லாம் சேர்ந்து டாலர் கையிருப்பு கரைந்த நேரத்தில் உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறியது. பழியை வாணிப வீதத்தின் மேல் மட்டும் போட மாட்டேன். ஆனால் கையிருப்பு இல்லாத வீட்டில் அதுவும் வந்து விழுந்தது.

கேள்வி: நானும் என் தங்கையும் நண்டு அவித்துச் சதை எடுக்கும் கொட்டகை நடத்துகிறோம். 14 பெண்கள் வேலை செய்கிறார்கள். சதை தூத்துக்குடிக் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் சொல்வதுதான் விலை. நாங்களே டின்னில் அடைத்து அனுப்பினால் இந்த ஆட்டம் குறையுமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை அம்மா. அவித்த சதை அன்றன்றைக்குப் போயாக வேண்டும், அதனால்தான் சொன்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள். டின்னில் அடைத்துப் பதப்படுத்தியது குளிரில் மாதக்கணக்கில் தாங்கும், நல்ல விலைக்குக் காத்திருக்கலாம், அது பெரிய பலம். ஆனால் அந்த டின்னையும் வாங்குவது, கம்பெனிச் சரக்கு போகிற அதே அமெரிக்கச் சந்தைதான். 2025 ஆகஸ்டில் அங்கே பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு வரி 50 சதவீதம் ஆனதே, அப்படி ஏறும்போது சுமையில் ஒரு பங்கு கரைவரை இறங்கத்தான் செய்யும். ஐ.நா. வர்த்தகப் பட்டியலிலும் டின் நண்டு உணவுப் பிரிவில்தான் இருக்கிறது, தொழிற்சாலைப் பொருட்களான சட்டையோடும் மோட்டாரோடும் சேர்வதில்லை.

அதனால் இப்போதே ஆலைக்குக் கடன் வாங்காதீர்கள். முதலில் கம்பெனியிடம் தினவிலைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு எழுத்தில் ஒரு விலை கேளுங்கள், உச்சவிலையைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதாக ஒரு வியாபாரியைப் பிடியுங்கள், சென்னை, பெங்களூர் ஹோட்டல்களுக்குப் போகும் சரக்காக இருந்தாலும் சரி. டாலர் விலை விழும் மாதத்தில் அந்த வழி திறந்திருக்கும். வெளிநாட்டு வியாபாரி பணம் தராமல் போனால் காக்கும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறது, ஆனால் விலை விழுந்தால் அது காக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எப்போதாவது கடன் வாங்கினால், ஆறு மாதத் தவணையை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் இயந்திரம் வாங்குங்கள்.

ஓடு உடைத்து, சதை சிதறாமல், ஒரு துணுக்கு ஓடுகூட ஒட்டாமல் எடுக்கிற அந்தக் கைகள்தான் உங்கள் முதல். விலை இல்லாத வாரத்திலும் அவர்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க வழி இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்து எழுதிக்கொண்டு, ஜூன் 14 தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குவதற்கு முன்பே தூத்துக்குடிக்குப் போய்ப் பேசிவிடுங்கள். வரத்து கூடிவிட்டால் அவர்கள் உங்களுக்காக உட்கார்ந்து பேச மாட்டார்கள்.