ஊரு காலியானது ஏன்? – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

முன்னப்பின்ன தெரியாத நாலு பேரு வீடெல்லாம் காலியா கெடக்கற ஒரு வளவுல போயி குடியேறுற உங்க கதைய படிச்சேன். அந்த ஊரை விட்டு ஏன் எல்லாரும் போனாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையேங்ண்ணா? முனியா, கொள்ளைநோயா, கொலையா? ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது. அப்புறம் அந்த நாலு பேருல வர்ற அக்கா மூணாம் நாள் ராத்திரி எதுக்கு பொய் சொல்லுது?

கோபியிலருந்து ஒரு வாசகர்

தம்பி,

முனியெல்லாம் இல்லீங்க. கொள்ளைநோய்னு நீங்க நெனச்சது தப்பில்ல, பிளேக் மாரியம்மன்னு சாமிக்கே பேரு வெச்ச சீமை நம்முளுது. ஆனா காரணம் கதையில மொத பக்கத்துலயே இருக்குது, அந்த லாரி டிரைவர் சேந்து கிணத்துல தண்ணி எடுத்து ஒரு வாய் வெச்சதும் துப்பறான் பாருங்க, அவ்ளோதான்.

ஒரத்துப்பாளையம் அணைக்கு கீழ ஒரு ஒரம்பரை வீட்டுக்கு போயிருந்தேன். குடிக்க கேன் தண்ணி, கை கழுவ மட்டும் கிணத்துத் தண்ணி. கழுவிட்டு திண்ணையில உக்காந்து பேசிட்டிருந்தேன், கை காஞ்சதும் பாத்தா வெரல் இடுக்கெல்லாம் வெள்ளையா பூத்திருக்குது. எதுக்க தோப்புல மட்டையே இல்லாத தென்னை, நட்டு வெச்ச கம்பமாட்டம் வரிசையா நிக்குது. 1992-ல பாசனத்துக்குன்னு நொய்யல்ல கட்டின அணை அது, திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்கி சுத்துல கிணறெல்லாம் உப்பாயிருச்சு, தண்ணிய தொறக்காதீங்கன்னு விவசாயியே போராடுன அணை வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா! 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு, அதுக்குள்ள மண்ணும் கெட்டுப்போச்சு.

இப்படி ஊர்ல யாரும் ஒரே ராத்திரியில ஓடிப்போறதில்ல. மொதல்ல மாட்டை விப்பாங்க, பொறவு பையனுக்கு பொண்ணு அமையாது, உப்புத்தண்ணி ஊருக்கு யாரு குடுப்பா, அவன் திருப்பூர்லயே வாடகைக்கு வீடு பாத்துக்குவான், கடைசியில ஒரு கெழவி மட்டும் இருக்கும், அதுவும் ஒரு நாள் இல்லாம போயிரும். இதுல மர்மம் எங்கிருந்து வருதுன்னா, பொறவு வந்து பாக்கறவனுக்கு பூட்டு மட்டுந்தான் தெரியுது.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். நம்மூர்ல புது ஆள பாத்தா மொதல்ல என்ன கேப்பாங்க? "எந்த ஊருங்க?" அடுத்தது, கொஞ்சம் சுத்தி வளைச்சு, "கோயிலு எங்கீங்க?" குலசாமி கோயில சொல்லிட்டா கூட்டம், அதாவது எந்தக் குலம்னு தெரிஞ்சு போயிரும், எங்க உக்கார வெக்கறது, எந்த டம்ளர்ல டீ குடுக்கறதுன்னு முடிவாயிரும். அந்தப் பொண்ணு அந்த வளவுக்கு வந்ததே அதைக் கேக்க அங்க ஒரு ஆளும் இல்லைன்னுதான். உப்புத்தண்ணின்னு தெரிஞ்சும் தங்கறா. மூணாம் நாள் ராத்திரி அடுப்புல தீ தள்ளிட்டு இருக்கறப்ப டிரைவர், கெட்டவன் இல்ல, சும்மா பேச்சுவாக்குல, "அம்மணி, உங்க கோயிலு எங்கீங்க?"ங்கறான். அப்பத்தான் பொய் வருது. அதுக்கு அவன் "அப்படீங்களா"ன்னு தலையாட்டிட்டு பாயை கொஞ்சம் நகத்தி போடறான், அந்த வரிய நீங்க தாண்டி போயிருப்பீங்க, இன்னொருக்கா பாருங்க.

ஒரு தப்பு மட்டும் ஒத்துக்கறேன். அத்தன வருசம் ஆளில்லாத கிணத்துல வாளிக்கயிறு மட்டும் எப்படீங்க அழுகாம இருந்துச்சுன்னு ஒரு அம்மா போன் பண்ணி கேட்டாங்க. பதில் இல்ல. புஸ்தகமா வர்றப்ப டிரைவர் லாரிக் கயித்தையே அவுத்து கட்டிக்குவான்.