ஃபூக்கோ படித்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கும் தந்தைக்கு

எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கவிருக்கும் மகள், பேராசிரியர்கள் வலைப்பூ எழுதுவதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் கோட்பாட்டைக் கொண்டு ஆராயப்போவதாகச் சொல்கிறாள். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. கடன் வாங்கியாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடுமாறு அவளுடைய பெரியப்பா வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. பெரியப்பாவின் யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நிர்வாகப் படிப்பில் நாட்டமே இல்லாத பெண்ணின் தலையில் சில லட்சம் ரூபாய்க் கடனை ஏற்றச் சொல்பவர், அதன் தவணையைக் கட்டப்போகிறவர் அல்லர். பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் அவற்றுக்குள் போகவில்லை.

உங்கள் மகள் கேட்பது வெற்றுக் கேள்வியன்று. கண்காணிக்கப்படுகிறோம் என்று அறிந்த மனிதன், காவலர் இல்லாதபோதும் தன்னைத் தானே அடக்கிக்கொள்வான் என்பதை, சிறைத் தண்டனையின் வரலாற்றை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலில் மிஷேல் ஃபூக்கோ காட்டினார். 1984இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் பார்வை வேறு பக்கம் திரும்பியது. பண்டைய கிரேக்கரும் ரோமரும் குறிப்பேடுகளின் வழியாகவும், ரோமானியத் தத்துவவாதி செனெக்கா தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதியவை போன்ற கடிதங்களின் வழியாகவும், எழுதி எழுதியே தம்மை உருவாக்கிக்கொண்டதை அவர் ஆராய்ந்தார். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும் ஆர்.இ.எஃப். என்னும் ஏற்பாடு, கல்வியுலகுக்கு வெளியே ஆய்வு உண்டாக்கும் தாக்கத்துக்கு மொத்த மதிப்பீட்டில் 2014இல் 20 விழுக்காடும் 2021இல் 25 விழுக்காடும் ஒதுக்கியது. அத்தகைய சூழலில் பொதுமக்களுக்காக எழுதும் பேராசிரியர், ஆய்விதழ்களின் கெடுபிடியிலிருந்து விடுபட்டுச் சுயமாகப் பேசுகிறாரா, அல்லது மதிப்பீட்டாளரின் கண்ணுக்கு ஏற்றவராகத் தம்மைத் தாமே செதுக்கிக்கொள்கிறாரா? எல்லாம் கண்காணிப்பே என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் இந்த ஆய்வு வீண். பதிவுகளைப் படிப்பதோடு, எழுதியவர்களின் ஒப்புதலைப் பெற்று அவர்களை நேர்காணவும் வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை உங்கள் உறவினர்களில் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும். விதிகளின்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுவான வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உள்ளது. ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் நான்கு பண்பாட்டு ஆய்வு, இலக்கியத் திறனாய்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, ஆய்வு முறைகள் ஆகியவை. வீட்டில் வீண் என்று கருதப்படும் அவளுடைய வாசிப்பு பெரும்பாலும் இந்த நான்குக்குள்தான் வருகிறது. ஜே.ஆர்.எஃப். கைகூடாமல் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தாலும் அதற்கும் மதிப்புண்டு.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். உதவித்தொகையும் இல்லாமல், நெறியாளரின் ஆய்வுப் புலமும் தெரியாமல், கைக்காசைப் போட்டு முனைவர் பட்டத்தில் சேர வேண்டாம். ஆய்வேட்டை எழுதித் தருவதாகச் சொல்பவர்களுக்கும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையே நீக்கிவிட்டன.

நிரந்தரப் பேராசிரியர் பணி எளிதில் கிடைக்காது என்பதையும் மறைக்கமாட்டேன். அதனால் நேர்காணல் நடத்துவதையும் உரையாடல்களைப் பகுத்தாய்வதையும் அவள் முறையாகப் பயில வேண்டும். ஒரு பொருளைப் பயன்படுத்துவோரின் தேவைகளை அறியப் பயனாளர் ஆய்வு நடத்தும் நிறுவனங்களிலும் பதிப்பகங்களிலும் இத்திறன்களுக்குத் தேவை இருக்கிறது. நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு நடக்கிறது. இரண்டு முறையாவது அவள் எழுதிப் பார்க்கும்வரை எம்.பி.ஏ. கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.